குடி கலைந்த புழு

மண்ணைக் கிளறினால் மண்புழு நெளிய வேண்டும், நெளிந்தால் அந்த மண் உயிரோடு இருக்கிறது என்பது உழவர் பேச்சில் ஊறிப்போன கணிப்பு. மண்வளத்தைப் பற்றிய பாடநூல்களும் அதையே வழிமொழிகின்றன. பழந்தமிழில் நாங்கூழ் என்று பெயர் பெற்ற இந்த உயிரிக்கு ஓடு இல்லை, செதில் இல்லை. ஈரத் தோலாலேயே மூச்சு விடுகிறது, வாயால் மண்ணையே விழுங்குகிறது. ஆகவே மண்ணில் நஞ்சு கலந்தால் முதலில் மடிவது மண்புழுவாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இங்கிலாந்தின் தென்மேற்கில், புல்லே முளைக்கத் தயங்கும் ஒரு பழைய சுரங்கத்தின் கழிவுமேடுகளில், நூறாண்டுக்கும் மேலாக ஆர்சனிக் ஊறிக்கிடக்கும் மண்ணில், சிவந்த நிறமுள்ள மண்புழுக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அப்படியானால் உழவரின் கணிப்பு பிழையா, அல்லது அந்த நஞ்சு நஞ்சில்லையா?

இரண்டுமே இல்லை என்பதுதான் விடை. அந்த விடையைக் காணப் புழுவின் தோலைப் பார்த்தால் போதாது. அதன் உடலுக்குள் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் பாஷாணம் வடித்த காடு

டெவன் மாவட்டத்தில் டாவிஸ்டாக் என்ற ஊருக்கு அருகே, டேமர் ஆற்றை ஒட்டிய காட்டில், 1844ஆம் ஆண்டு செம்புத்தாது கண்டெடுக்கப்பட்டது. பெட்ஃபர்டு கோமகனுக்குச் சொந்தமான அந்த நிலத்தில் எழுந்த டெவன் கிரேட் கன்சால்ஸ் என்ற சுரங்கம் சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவின் பெரிய செம்புச் சுரங்கங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1860களில் செம்பு வற்றத் தொடங்கியபோது, அதுவரை பயனற்றதென்று ஒதுக்கப்பட்டிருந்த ஆர்சனோபைரைட் என்ற தாதுவின் பக்கம் நிர்வாகத்தின் பார்வை திரும்பியது. இரும்பும் கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த அந்தத் தாதுவைச் சூளையிலிட்டு வறுத்தால் ஆர்சனிக் வெண்புகையாக மேலெழும். வளைந்து வளைந்து செல்லும் நீண்ட கற்புகைப்பாதைகளில் அந்தப் புகை குளிர்ந்து சுவர்களில் வெண்பொடியாகப் படியும். மூக்குத் துளைகளில் பஞ்சடைத்து, வெளியே தெரியும் தோலில் களிமண் பூசிக்கொண்ட தொழிலாளர்கள் உள்ளே நுழைந்து அதைச் சுரண்டி எடுப்பார்கள்.

சித்த மருத்துவம் வெள்ளைப் பாஷாணம் என்று அழைக்கும் பொருள் அதுவே; மனோசிலை, அரிதாரம் என்ற பெயர்களும் ஆர்சனிக்கின் வேறு இரு கனிமங்களையே குறிக்கின்றன. டெவனின் வெண்பொடி பூச்சிக்கொல்லியாகவும் சாயப்பொருளாகவும் உலகெங்கும் சென்றது. பூவும் கொடியுமாகச் சுவர்த்தாள்கள் வரைந்து புகழ்பெற்ற வில்லியம் மோரிஸ் இந்தச் சுரங்கத்தின் பங்குதாரர், 1871 முதல் 1875 வரை அதன் இயக்குநரும்கூட. அவருடைய தொடக்ககாலச் சுவர்த்தாள்களில் இருந்த பச்சை நிறமும் ஆர்சனிக் கலந்ததுதான் என்பது கலை வரலாற்றின் கசப்பான துணுக்குகளுள் ஒன்று.

1901ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்த இடம் கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பு என்ற உலகப் பாரம்பரியச் சின்னத்தின் ஒரு பகுதி. 2006ஆம் ஆண்டில் கிடைத்த அந்தத் தகுதி மண்ணைக் கழுவிவிடவில்லை. மாசுபடாத மண்ணில் ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம் என்ற அளவில் இருக்க வேண்டிய ஆர்சனிக், இங்குள்ள கழிவுமேடுகளில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் அளவில் கிடக்கிறது. வேதியியலார் ஆர்சனிக்கை உலோகம் என்று சொல்வதில்லை. உலோகத்தின் சில குணங்களும் அலோகத்தின் சில குணங்களும் கலந்திருப்பதால் உலோகப்போலி என்பார்கள். ஆனால் மண்ணை மாசுபடுத்தும் வகையில் அது ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது: எதுவும் மட்கிப் போவதில்லை, எதையும் எந்த உயிரியாலும் உடைத்து அழிக்க முடிவதில்லை, இடம் மாற்றவும் வடிவம் மாற்றவும் மட்டுமே முடிகிறது.

புழுவின் சொந்தக் கவசம்

கழிவுமேட்டில் வாழும் புழுவின் பெயர் லும்பிரிகஸ் ரூபெல்லஸ். பள்ளி விலங்கியலில் தமிழ் மாணவர்கள் படிக்கும் லாம்பிட்டோ மாரிட்டி வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இது ஐரோப்பாவின் இலைச்சருகுகளுக்கு அடியிலும் மேல்மண்ணிலும் வாழும், விரல் நீளமுள்ள, செம்பழுப்பு நிறப் புழு. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் கரோலின் லாங்டன், டிரெவர் பியர்ஸ் ஆகியோரும் அவர்களோடு பணியாற்றியவர்களும், 1990களின் இறுதியில் டெவன் சுரங்கத்துப் புழுக்களையும் மாசற்ற இடத்துப் புழுக்களையும் ஆர்சனிக் கலந்த ஒரே மண்ணில் வளர்த்துப் பார்த்தார்கள். மாசற்ற இடத்தவை நலிந்து மடிந்த அளவில் சுரங்கத்தவை தாக்குப்பிடித்தன. ஆய்வுக்கூடத்தில் பிறந்த அவற்றின் வழித்தோன்றல்களிடமும் அந்தத் திறன் இருந்தது. அதாவது ஒவ்வொரு புழுவும் தன் ஆயுளில் நஞ்சுக்குப் பழகிக்கொண்டதன் விளைவன்று அது, பிறப்போடு வருவது.

இந்தத் தாங்குதிறனுக்கு உடலமைப்பில் இரண்டு துணைகள் உண்டு. புழுவின் குடலைச் சுற்றிலும் மஞ்சள்பழுப்பு நிறத்தில் பஞ்சுபோல் படர்ந்திருக்கும் குளோராகோஜன் செல்கள் முதலாவது துணை. மனிதனின் கல்லீரல் செய்யும் வேலைகளில் சிலவற்றைச் செய்யும் இந்தச் செல்கள், குடலைத் தாண்டி உள்ளே வரும் உலோகங்களைச் சிறு குருணைகளாகத் திரட்டி ஒதுக்குகின்றன. இரண்டாவது துணை, கந்தகம் செறிந்த மெட்டலோதயோனின் என்ற புரதம். கந்தகத்தின் மேல் தணியாத நாட்டமுள்ள காட்மியம், ஆர்சனிக் போன்றவற்றைத் தன்னோடு பிணைத்து, அவை வேறு புரதங்களின் மேல் கைவைக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஆக, நஞ்சு வெளியேறிவிடுவதில்லை. பூட்டிய அறையில் சிறைவைக்கப்படுகிறது. சுரங்கத்துப் புழுவைத் தின்னும் பறவைக்கு இந்தச் சிறை எவ்விதப் பாதுகாப்பும் தருவதில்லை என்பது தனிக்கதை.

இத்தனையும் புழுவின் செல்கள் புழுவைக் காக்கும் ஏற்பாடு. குடலின் உட்குழியில் இருப்பவர்களுக்கு இதில் பங்கு கிடையாது.

ஓர் உருண்டை மண்ணின் பயணம்

அந்த உட்குழியில் நடப்பதை அறிய, கடுகளவு மண் ஒன்று புழுவின் வாயில் நுழைந்து பின்னால் வெளியேறும் வரை அதனுடன் செல்வதே சிறந்த வழி.

வெளியே கிடந்தபோது அந்தக் கடுகளவு மண்ணில் பல இலட்சம் பாக்டீரியாக்கள் இருந்தன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உறக்கத்தில் இருந்தன. ஏனெனில் மண்ணில் உணவு அரிது, ஈரம் வரும் போகும், ஒரு பாக்டீரியா தன் இரையைத் தேடி ஒரு மில்லிமீட்டர் நகர்வதுகூட நெடும்பயணம். புழுவின் தசைத்தொண்டை அந்த மண்ணை உள்ளிழுக்கிறது. உணவுக்குழலின் பக்கத்தில் உள்ள சுண்ணச் சுரப்பிகள் கால்சியம் கார்பனேட்டைச் சுரக்கின்றன. பின்னர் மண் இரைப்பையில் சற்றுத் தங்கி, அரைவைப்பையில் மணலோடு மணலாக அரைபட்டு, நீண்ட குடலுக்குள் நுழைகிறது. இதற்குள் புழு தன் பங்குக்கு நீரையும் சளியையும் தாராளமாகக் கலந்துவிட்டிருக்கிறது. சளியில் சர்க்கரைகளும் புரதக்கூறுகளும் நிறைந்திருக்கின்றன. வெளியே மண் அமிலத்தன்மையோடு இருந்தாலும் குடலுக்குள் அமிலமும் காரமும் ஏறத்தாழச் சமநிலைக்கு வந்துவிடுகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இங்கே ஆக்சிஜன் இல்லை. ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தில் ஹரால்டு டிரேக் என்பவரின் குழுவினர் முடியிழை போன்ற நுண்ணுணரிகளைப் புழுவின் குடலுக்குள் செலுத்தி இதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

வறண்ட ஊரில் பசித்துக் கிடந்தவர்கள் திடீரென்று கல்யாணப் பந்தியில் உட்கார்த்தப்பட்டது போன்ற நிலை இது. எல்லோருக்கும் அது பந்தியாக அமைவதில்லை என்பதுதான் நுட்பம். ஆக்சிஜன் இன்றி மூச்சுவிடத் தெரிந்த பாக்டீரியாக்கள் விழித்துப் பெருகுகின்றன. அது தெரியாதவை முடங்குகின்றன, சில செரிக்கப்பட்டும் போகின்றன. நைட்ரேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் குடலில் சுறுசுறுப்பாக இயங்குவதால், உயிருள்ள மண்புழு நைட்ரஸ் ஆக்சைடு என்ற சிரிப்பூட்டும் வாயுவை வெளியிடுகிறது என்பதையும் அதே குழுவினர் கண்டறிந்தார்கள். மண்ணில் உறங்கும் பாக்டீரியாக்களைப் புழு எழுப்பிவிடும் இந்நிகழ்ச்சிக்குப் பிரெஞ்சு மண்ணியலாளர் பாட்ரிக் லாவெலும் அவருடன் பணியாற்றியவர்களும் உறங்கும் அழகியின் கதையிலிருந்து பெயர் எடுத்தார்கள். விழித்ததும் அவை தின்னும் வேகத்தைக் கணக்கில் எடுத்தால் கும்பகர்ணன் பெயர் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

சில மணி நேரத்தில், அல்லது ஏறத்தாழ ஒரு நாளில், அந்த மண் கழிவுக்குருணையாக வெளியே வந்து விழுகிறது. போனபோது இருந்த மண்ணும் வந்தபோது இருக்கும் மண்ணும் ஒரே மண்தான், அதில் இருக்கும் கூட்டம் மட்டும் வேறு. ஒரு புழுவுக்கு இது சிறிய செயல். ஆனால் இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கும் மேலான உலர்மண் புழுக்களின் உடல் வழியே கடந்து செல்கிறது என்று சார்லஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட மண்புழு நூலில் கணக்கிட்டிருக்கிறார். ஒரு வயலின் மேல்மண் முழுவதும் சில பத்தாண்டுகளில் இந்த வாசல் வழியே ஒருமுறையேனும் சென்று திரும்பிவிடுகிறது.

புழுவோடு சேர்ந்து வாழும் இந்த நுண்ணுயிர்களின் மொத்தக் கூட்டத்தை இனி நுண்குடி என்றே குறிப்பிடலாம். குடலுக்குள் இருக்கும் நுண்குடியில் பெரும்பகுதி வழிப்போக்கர்களால் ஆனது. மண்ணோடு வருகிறார்கள், சில மணி நேரம் தங்குகிறார்கள், மண்ணோடு போகிறார்கள். குடல் ஒரு சத்திரம். சத்திரத்தில் இன்று தங்கியிருப்பவர்கள் யார் என்பதை வெளியே ஊரில் இருப்பவர்கள் யார் என்பதும், சத்திரத்தின் விதிகள் எவை என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

செல்லாக்காசும் ஒரு விநோத வாய்க்காலும்

இப்போது அதே கடுகளவு மண், டெவன் கழிவுமேட்டிலிருந்து வருவதாகக் கொள்ளலாம். அந்த மண்ணின் ஆர்சனிக்கில் பெரும்பகுதி ஆர்சனேட் என்ற வடிவில், துருவைப் போன்ற இரும்புச் சேர்மங்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியிருக்கும்வரை அதன் கொடுமை குறைவு. ஆனால் ஆக்சிஜனற்ற குடலில், இரும்புத்துருவையே மூச்சுக்குப் பயன்படுத்தும் பாக்டீரியாக்களுக்கு வேலை கிடைக்கிறது. துரு கரைந்தால் அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் கரைந்து வெளிவரக்கூடும்.

வெளிவந்த ஆர்சனேட்டுக்கு ஒரு வஞ்சகக் குணம் உண்டு. அதன் வடிவம் பாஸ்பேட்டின் வடிவத்தை அப்படியே ஒத்திருக்கிறது. எந்த உயிருள்ள செல்லும் பாஸ்பேட்டின்றி வாழ முடியாது. மரபுப்பொருளான டிஎன்ஏவின் முதுகெலும்பும், செல்லுக்குள் ஆற்றலைக் கைமாற்றும் ஏடிபி என்ற மூலக்கூறும் பாஸ்பேட்டைக் கொண்டவை. ஆகவே பாக்டீரியாவின் செல்சவ்வில் பாஸ்பேட்டுக்காகத் திறக்கும் வாசல்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன, ஆர்சனேட் அந்த வாசல்களில் செல்லாக்காசாக நுழைந்துவிடுகிறது. ஆற்றல் நாணயம் அச்சடிக்கும் இடத்தில் பாஸ்பேட்டுக்குப் பதில் ஆர்சனேட் சேர்க்கப்பட, அச்சடித்த நாணயம் அடுத்த கணமே உதிர்ந்து போகிறது. செல் உழைத்துக்கொண்டே பட்டினி கிடக்கிறது.

இதற்குப் பல பாக்டீரியாக்கள் கண்டுவைத்திருக்கும் மாற்று, முதற்பார்வைக்கு அறிவீனமாகவே தெரியும். உள்ளே வந்த ஆர்சனேட்டை அவை ஆர்சனைட் என்ற வடிவத்துக்கு மாற்றுகின்றன. ஆர்சனைட்டோ ஆர்சனேட்டைவிடப் பன்மடங்கு கொடியது, புரதங்களின் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்கிவிடுவது. குறைந்த நஞ்சைக் கூடிய நஞ்சாக மாற்றுவானேன்? செல்சவ்வில் உள்ள நஞ்சு வெளியேற்றும் வாய்க்கால் ஆர்சனைட்டை மட்டுமே வெளியே தள்ளக்கூடியது என்பதே காரணம். பூமியின் காற்றில் ஆக்சிஜன் பெருகுவதற்கு முந்தைய காலத்தில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனைட்டாகவே இருந்ததால், அந்த நஞ்சை எதிர்கொள்ளவே வாய்க்கால் முதலில் வெட்டப்பட்டது என்று கருதப்படுகிறது. ஆர்சனேட் பின்னால் பெருகியபோது, புது வாய்க்கால் வெட்டுவதற்குப் பதில், வரும் சரக்கைப் பழைய வாய்க்காலுக்கு ஏற்ப மாற்றிக்கொடுக்கும் ஒரு நொதி மட்டும் சேர்ந்துகொண்டது. உயிர்களின் பரிணாமம் பல இடங்களில் இப்படித்தான், இடித்துக் கட்டாமல் ஒட்டுப்போட்டே காலம் தள்ளியிருக்கிறது.

இதன் விளைவு இரட்டைத்தன்மை உடையது. வாய்க்கால் உள்ள பாக்டீரியா தப்பிக்கிறது. ஆனால் அது வெளியே கொட்டியது கொடிய வடிவமாதலால், வாய்க்கால் இல்லாத அண்டை வீட்டார் முன்னைவிடத் துன்பப்படுகிறார்கள். குடலின் குறுகிய இடத்தில், நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில், இந்த அயல்வீட்டுக் கொடுமை கூட்டத்தின் அமைப்பையே மாற்றிவிடப் போதுமானது.

கணக்கெடுப்பு

எந்த பாக்டீரியா தங்கியது, எது போனது என்பதை எப்படி அறிவது? மண்ணிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுப்பவை; வளர்பவற்றை மட்டும் எண்ணினால், கதவைத் திறந்தவர்களை மட்டும் வைத்து ஊரின் மக்கள்தொகையைச் சொன்ன கதையாகிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் பாக்டீரியாக்களை வளர்ப்பதில்லை, அவற்றின் டிஎன்ஏவை மொத்தமாகப் பிரித்தெடுத்து, எல்லா பாக்டீரியாக்களிலும் தவறாமல் இருக்கும் 16எஸ் என்ற ஒரே ஒரு மரபணுவை மட்டும் படிக்கிறார்கள். அந்த மரபணுவின் சில பகுதிகள் எல்லா இனங்களிலும் ஒன்றுபோல் இருப்பதால் அதைத் தேடிப் பிடிப்பது எளிது. வேறு சில பகுதிகள் இனத்துக்கு இனம் வேறுபடுவதால் அதை வைத்தே பெயர் சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான குடும்ப அட்டைகளைக் குவியலாகக் கொட்டி வைத்துக்கொண்டு, ஆட்களைப் பாராமலே ஊரின் சாயலைச் சொல்வதற்கு நிகரான முறை இது.

கழிவுமேட்டின் வரிசையில் கண்டவை

கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டேனியல் பாஸ், பீட்டர் கில் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் இந்த முறையைக் கொண்டு, டெவன் சுரங்கப் பகுதியில் ஆர்சனிக்கும் இரும்பும் படிப்படியாக ஏறிச்செல்லும் இடங்களிலிருந்து எடுத்த ரூபெல்லஸ் புழுக்களையும் அவற்றைச் சுற்றியிருந்த மண்ணையும் ஒப்பிட்டு, முடிவுகளை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

முதலில் தெரியவந்தது, புழுவின் நுண்குடி சுற்றுமண்ணின் நகல் அன்று என்பதே. அதில் ஏறத்தாழப் பாதி புரோட்டியோபாக்டீரியா என்ற பெரும்பிரிவைச் சேர்ந்தது, 30 விழுக்காடு ஆக்டினோபாக்டீரியா, 6 விழுக்காட்டை ஒட்டிப் பாக்டீராய்டீட்ஸ், 3 விழுக்காட்டை ஒட்டி அசிடோபாக்டீரியா. மண்ணில் காணப்படாத செராஷியா வகை பாக்டீரியா ஒன்று பெரும்பாலான புழுக்களில் இருந்தது. சத்திரத்துக்கு விதிகள் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. மாசு ஏறிய இடங்களிலும் இந்தப் பெரும்பிரிவு அளவிலான சாயல் நீடித்தது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாப் புழுக்களும் ஒரே ஊர் போலவே தெரியும்.

அருகில் சென்று குடும்பம் குடும்பமாக, இனம் இனமாகப் பார்த்தபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. மாசற்ற இடத்துப் புழுக்களில் வழக்கமாகக் காணப்பட்ட பல இனங்கள் ஆர்சனிக் மிகுந்த இடங்களில் ஒடுங்கிவிட்டிருந்தன. அவற்றுள் ஒன்று ஒடுங்கவில்லை, அடியோடு காணாமல் போயிருந்தது. அது வெர்மிநெஃப்ரோபாக்டர்.

சத்திரமும் பூர்வீக வீடும்

இந்த பாக்டீரியா குடலில் வாழ்வதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மண்புழுவின் உடல் வளையங்கள் ஒவ்வொன்றிலும், முன்னால் உள்ள சிலவற்றைத் தவிர, நெஃப்ரீடியம் என்ற கழிவுநீக்கக் குழல் இணையாக அமைந்திருக்கிறது. சிறுநீரகத்தின் வேலையை அதுவே செய்கிறது. அந்தக் குழலின் பருத்த ஒரு பகுதியின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் நெருங்கிப் படிந்திருப்பதை 1926ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார்கள். அவை யார் என்பது டிஎன்ஏவைப் படித்த பிறகு 2003ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. புழு, சிறுநீரகம், பாக்டீரியா என்ற மூன்று சொற்களைக் கோத்த பெயர் அதன் பிறகு வந்தது. லும்பிரிகஸ் சேர்ந்த குடும்பத்தின் ஏறத்தாழ எல்லா இனங்களிலும், இனத்துக்கு ஒரு வகையாக, இந்த பாக்டீரியா குடியிருக்கிறது. புழுக்களின் வம்சாவளியையும் பாக்டீரியாக்களின் வம்சாவளியையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், இந்த உறவின் வயது 6 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கும் 13 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டைனோசர்கள் நடமாடிய மண்ணிலேயே தொடங்கியிருக்கக்கூடிய குடியிருப்பு அது.

இவ்வளவு நெடுங்காலம் உறவு அறுபடாமல் இருந்ததற்கு அது கடத்தப்படும் முறை காரணம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியானா டேவிட்சன், டேவிட் ஸ்டால் ஆகியோர் ஐசீனியா என்ற எருப்புழுவில் இதைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். புழு முட்டையிடும்போது முட்டைகளைத் தனியே விடாமல், சத்துநீர் நிறைந்த சிறிய முட்டைக்கூட்டில் வைத்து மண்ணில் இடுகிறது. அந்தச் சத்துநீரிலேயே தாயின் பாக்டீரியாவையும் சேர்த்துவிடுகிறது. வளரும் கரு தன் உடலில் நெஃப்ரீடியங்கள் உருவாகும் பருவத்தில், ஒரு நுண்குழாய் வழியே அந்த பாக்டீரியாவை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பருவம் தவறினால் பிறகு வாய்ப்பு இல்லை. முட்டைக்கூட்டுக்குள் பாக்டீரியா பெறாத குஞ்சு, வளர்ந்து பெரிதான பின் மண்ணில் எவ்வளவு அலைந்தாலும் அதைப் பெறுவதில்லை.

டெவன் முடிவுக்கு இங்கேதான் பொருள் விளங்குகிறது. குடல் சத்திரமாதலால், ஆர்சனிக்கைத் தாங்காத ஓர் இனம் மறைந்தால் அந்த இடத்தைப் பிடிக்க ஒவ்வொரு வாய் மண்ணிலும் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களும் அதே நஞ்சு மண்ணில் வடிகட்டப்பட்டு, வாய்க்கால் வசதியோடு வருபவர்கள். ஆட்கள் மாறுவார்கள், சத்திரம் நடந்துகொண்டிருக்கும். நெஃப்ரீடியமோ பூர்வீக வீடு. அங்கே வாரிசு தவிர வேறு யாரும் குடியேறுவதில்லை. மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும் இனத்தில் ஆர்சனிக்கைத் தாங்கும் ஒருவன் தற்செயலாகப் பிறந்துவிட வாய்ப்பு மிகுதி. ஒரு புழுவின் குழல்களுக்குள் அடைந்து, தாயிடமிருந்து சேய்க்குச் சிறு எண்ணிக்கையில் மட்டும் கைமாறும் கூட்டத்தில் அந்த வாய்ப்பு சுருங்கிப் போகிறது. போதாக்குறைக்கு, உடல் தனக்கு வேண்டாதவற்றை அனுப்பும் வழியில்தான் அந்த வீடு அமைந்திருக்கிறது. நஞ்சு குடலில் மிகுதி, நெஃப்ரீடியத்தில் குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், இழப்பை ஈடுசெய்யும் வழி முன்னதற்கு உண்டு, பின்னதற்கு இல்லை.

இழப்பினால் புழுவுக்கு என்ன ஆகிறது என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. 2010ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஆய்வாளர்கள் அப்போரெக்டோடியா என்ற புழுவை எடுத்துக்கொண்டு, இந்த பாக்டீரியா உள்ள புழுக்களையும் அது நீக்கப்பட்ட புழுக்களையும் அருகருகே வளர்த்தார்கள். ஒரு பகுதிக்குச் சத்து மிகுந்த மாட்டுச்சாணமும், மறுபகுதிக்குச் சத்துக் குறைந்த வைக்கோலும் உணவாகக் கொடுக்கப்பட்டன. உடல் வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. இட்ட முட்டைக்கூடுகளின் எண்ணிக்கையிலும் இல்லை. ஆனால் வைக்கோல் தின்ற புழுக்களில், பாக்டீரியா உள்ளவை முந்திப் பருவமடைந்தன, அவற்றின் முட்டைக்கூடுகளும் அதிகமாகப் பொரித்தன. வயிறு நிறைந்த காலத்தில் இந்தக் குடியிருப்பவர் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. பஞ்சத்தில்தான் அருமை தெரிகிறது. சுரங்கக் கழிவுமேடு, இலைச்சருகு குறைந்த, மட்கு அற்ற, எந்நாளும் பஞ்சம் நிலவும் இடம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற நஞ்சுகள், மற்ற மண்கள்

ஆர்சனிக்கில் கண்டதை எல்லா உலோகங்களுக்கும் அப்படியே நீட்ட முடியாது. பாக்டீரியா ஆர்சனேட்டை மாற்றும்போது பிறப்பது கொடிய வடிவம். குரோமியத்தில் திசை நேர்மாறானது: ஆறு என்ற எண்ணால் குறிக்கப்படும் கரையக்கூடிய கொடிய குரோமியத்தை, மூன்று என்ற எண்ணால் குறிக்கப்படும், எளிதில் கரையாத, குறைந்த தீங்குடைய வடிவமாகப் பல பாக்டீரியாக்கள் மாற்றுகின்றன. இராணிப்பேட்டையின் குரோமியக் கழிவுமேடு போன்ற இடங்களில், ஆக்சிஜனற்ற புழுக்குடல் என்பது, புழு உயிரோடு இருக்குமானால், நஞ்சைத் தணிக்கும் சிறு உலையாகவும் அமையலாம். காட்மியமும் ஈயமும் இந்த வகையில் வடிவம் மாறுவனவே அல்ல. அவற்றை எதிர்கொள்ளும் பாக்டீரியாவுக்கு வெளியே தள்ளுவதும் ஒதுக்கிக் கட்டிவைப்பதுமே வழி.

எல்லாவற்றுக்கும் பொதுவான விளைவு ஒன்று உண்டு, அது மருத்துவர்களையும் கவலைகொள்ள வைப்பது. உலோகத்தை வெளியே தள்ளும் வாய்க்கால்களில் சில, நோய்முறி மருந்துகளையும் வெளியே தள்ளுபவை. இரண்டு திறன்களுக்குமான மரபணுக்கள் பல நேரங்களில் ஒரே டிஎன்ஏ வளையத்தில் அடுத்தடுத்து அமர்ந்து, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குச் சேர்ந்தே தாவுகின்றன. ஆகவே மருந்தே படாத மண்ணில்கூட உலோகம் மருந்தெதிர்ப்பை வளர்த்துவிட முடியும். சீனாவில் மெட்டாஃபைர் சீபோல்டி என்ற மண்புழுவை ஆர்சனிக்கும் சல்ஃபாமெதாக்சசோல் என்ற மருந்தும் கலந்த மண்ணில் வளர்த்தபோது, அதன் குடலில் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் பெருகியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பலதரப்பட்ட பாக்டீரியாக்கள் விழித்து, பெருகி, ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் சத்திரத்தில் இத்தகைய கைமாற்றம் நடப்பதில் வியப்பில்லை. கழிவுக்குருணையாக அது மறுபடியும் வயலில் வந்து விழுகிறது.

இரண்டு முட்டைக்கூடுகள்

உழவரின் கணிப்புக்கு மீண்டும் வந்தால், அது தவறன்று. ஆனால் புழு நெளிகிறது என்ற செய்தி, புழு பிழைத்திருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. நஞ்சைத் தாங்கும் மரபு புழுவுக்குக் கிடைத்த இடத்தில், அதன் பழைய துணைக்கு அது கிடைக்காமல் போயிருக்கிறது. மண்ணின் தரத்தை அளக்கப் புழுவைக் கொல்லும் நஞ்சின் அளவை மட்டும் கணக்கில் கொள்ளும் சோதனைகள் இந்த இழப்பைக் காணத் தவறிவிடும், ஏனெனில் இங்கே புழு எதுவும் சாகவில்லை.

டெவன் கழிவுமேட்டில் ஒரு ரூபெல்லஸ் இடும் முட்டைக்கூடும், சில கிலோமீட்டர் தள்ளி மாசற்ற புல்வெளியில் இன்னொரு ரூபெல்லஸ் இடும் முட்டைக்கூடும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்: மிளகைவிடச் சிறிய, எலுமிச்சை வடிவிலான, மங்கிய மஞ்சள் நிறப் பொதிகள். புல்வெளிக் கூட்டின் சத்துநீரில், கருவின் குழல்கள் திறக்கும் நாளை எதிர்நோக்கித் தாயின் பாக்டீரியாக்கள் மிதந்துகொண்டிருக்கும். அவற்றை இழந்துவிட்ட தாயின் கூட்டிலும் கரு வளரும், குழல்கள் உரிய நாளில் திறக்கும், நுழைவதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.